நோன்பு 40 நாள், திருநாள் 50 நாள்

கேள்வி: தவக்காலம் முழுவதும் சுத்தபோசனம் (புலால் தவிர்த்த உணவு) அனுசரிக்கிறேன்; வெள்ளிதோறும் சிலுவைப்பாதையைத் தவறவிடுவதில்லை. ஆனால் உயிர்ப்புப் பெருவிழா கழிந்த மறுவாரமே பழையபடி ஆகிவிடுகிறேன். இருபது ஆண்டுகளாக இதே நிலைதான். என் தங்கை மகன் இப்போது வேறொரு சபைக்குச் செல்கிறான். நாளையும் காலத்தையும் பார்ப்பதைப் பவுலடியார் கலாத்தியருக்கு எழுதிய மடலிலேயே கண்டித்திருக்கிறார் என்று எடுத்துக்காட்டுகிறான். ஆண்டுதோறும் ஒரே வட்டத்தைச் சுற்றி வருவதால் ஆன்மாவுக்குப் பயன் உண்டா?
— வாசகர் ஒருவர், தூத்துக்குடி

பதில்: நீங்கள் வட்டத்தைச் சுற்றி வரவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் ஒரு பகுதியை மட்டும் இருபது ஆண்டுகளாக உண்மையோடு நடந்துவிட்டு, எந்த இடத்துக்காக அந்த நடை தொடங்கியதோ அந்த இடம் வந்ததும் வீடு திரும்பிவிடுகிறீர்கள். வழிபாட்டு ஆண்டு, அதாவது தவக்காலம், உயிர்ப்பு முதலியவை அடங்கிய திருச்சபையின் ஆண்டுச் சுற்று, பயனற்றது என்று முடிவு கட்டுவதற்கு முன், அதை முழுமையாகக் கடைப்பிடித்தோமா என்று கேட்டுப் பார்ப்பதே நியாயம்.

திருநீற்றுப் புதன் தொடங்கிப் புனித சனி வரை எண்ணினால் 46 நாள்கள் வரும். ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள் என்பதால் தவக்காலத்தின் நடுவிலும் அதை நோன்பு நாளாகக் கணக்கிடும் வழக்கம் இல்லை. ஆறு ஞாயிறுகளை நீக்கினால் 40. அதன்பின் உயிர்ப்பு ஞாயிறு முதல் தூய ஆவியார் பெருவிழா (பெந்தகோஸ்து) வரை 50 நாள்கள். நோன்பைவிடத் திருநாளே நீண்டது. 325-ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம், ஞாயிற்றுக்கிழமைகளிலும் இந்த 50 நாள்களிலும் மக்கள் மண்டியிடாமல் நின்றே செபிக்க வேண்டும் என்று தன் இருபதாம் விதியில் கட்டளையிட்டது. வழிபாட்டு ஆண்டுக்கான இன்றைய விதிமுறைகளும் இந்த ஏழு வாரங்களையும் ஒரே திருநாளாக, ஒரு ‘பெரிய ஞாயிறாக’வே கொண்டாடச் சொல்கின்றன. நாமோ 40 நாளை ஒவ்வொன்றாக எண்ணிக் காத்துவிட்டு, 50 நாளை ஒரே மதிய விருந்தில் முடித்துவிடுகிறோம்.

இந்தக் குறை உங்களுடையது மட்டும் அன்று. தவக்காலத்துக்கென்று தியானம், திருப்பயணம், ஒறுத்தல் உண்டியல், பாஸ்கா நாடகம் என்று எத்தனையோ ஏற்பாடுகளைச் செய்யும் பங்குகள் பல, உயிர்ப்புத் திருநாளுக்கு மறுநாள் முதல் மக்களுக்கு ஒன்றும் தருவதில்லை. தவக்காலச் சிந்தனைகளுக்கு வாரந்தோறும் பக்கம் ஒதுக்கும் இவ்விதழும் பாஸ்கா காலம் எனப்படும் அந்த 50 நாள்களுக்கு அவ்வாறு ஒதுக்கியதில்லை என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். எதை விடுவது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். விட்ட இடத்தில் எதை வைப்பது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒழிந்த வீட்டுக்குப் பழைய குடித்தனக்காரரே திரும்பி வருவதில் வியப்பில்லை.

அந்த இடத்தில் வைப்பதற்குரியவற்றைத் திருச்சபை கையிலேயே கொடுத்திருக்கிறது. பாஸ்கா காலத் திருப்பலியில் முதல் வாசகம் பழைய ஏற்பாட்டிலிருந்து வருவதில்லை. திருத்தூதர் பணிகள் நூலிலிருந்தே வருகிறது. நற்செய்தி பெரும்பாலும் யோவானுடையது. அதாவது, உயிர்த்தவரைக் கண்டவர்கள் மறுநாள் முதல் எப்படி வாழ்ந்தார்கள் என்பதையே நம்முன் நாள்தோறும் படிக்கிறார்கள். மூவேளைச் செபத்தின் இடத்தில் ‘விண்ணக அரசியே’ என்று தொடங்கும் செபம் வருகிறது. தவக்காலம் முழுவதும் வாய் திறவாதிருந்த அல்லேலூயா, அந்தச் சின்னச் செபத்துக்குள்ளேயே மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. பாஸ்கா திரி பீடத்தருகே தூய ஆவியார் பெருவிழா வரை நிற்கிறது. இவற்றுள் வீட்டில் செய்ய முடியாதது எதுவுமில்லை. ஒருசந்தி (ஒருவேளை உணவு நோன்பு) இருக்க உறுதி பூண்ட அதே மனத்தோடு, இரவுச் செபத்தில் ஒரு மெழுகுதிரி ஏற்றித் திருத்தூதர் பணிகளில் ஒரு பகுதியை வாசியுங்கள். மகிழ்வதற்கும் பயிற்சி வேண்டும். துன்பத்தில் ஆண்டவரோடு இருப்பதற்குப் பழகியவர்கள் பலர், நலம் வந்தபோது அவரோடு இருக்கத் தெரியாமல் விலகிப் போனதை நான் கண்டிருக்கிறேன்.

இனி உங்கள் தங்கை மகன் காட்டும் வசனம். பவுலடியார் கலாத்தியரைக் கடிந்துகொண்டது உண்மை. ஆனால் யாரை, எதற்காகக் கடிந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட பிற இனத்தார், விருத்தசேதனம் முதலான சட்டங்களைக் கைக்கொண்டால்தான் மீட்பு என்று சிலர் அவர்களைக் கலக்கினார்கள். நாளும் மாதமும் மீட்பைத் தரும் என்ற அந்த எண்ணத்தையே அவர் வெட்டுகிறார். அதே பவுல் உரோமையருக்கு எழுதும்போது, ஒருவர் ஒரு நாளைச் சிறப்பாக எண்ணலாம், இன்னொருவர் எல்லா நாளையும் ஒன்றாக எண்ணலாம், எவரும் மற்றவருக்குத் தீர்ப்பிட வேண்டாம் என்கிறார். நமது பாஸ்கா ஆடாகிய கிறிஸ்து பலியிடப்பட்டுள்ளார், ஆகவே விழாக் கொண்டாடுவோம் என்று கொரிந்தியரை அழைப்பவரும் அவரே. தவக்காலத்தைக் கடைப்பிடித்ததால் மீட்பு என்று யாராவது நினைத்தால், கலாத்தியர் மடல் அவருக்கும்தான். உங்கள் தங்கை மகனின் சபையிலும் டிசம்பர் 31 இரவு கூடிச் செபித்து, ஜனவரி முதல் நாள் வாக்குத்தத்த வசனம் பெறும் வழக்கம் இருக்கலாம். அது குற்றமில்லை. மனிதர் நாளைப் பிடித்துக்கொண்டுதான் நினைக்கவும் நன்றி சொல்லவும் முடியும்.

வழிபாட்டு ஆண்டு எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால் இந்தச் சர்ச்சையின் சூடு தணியும். நான்காம் நூற்றாண்டின் இறுதிக் கட்டத்தில் எகேரியா என்ற பெண் எருசலேமுக்குத் திருப்பயணம் சென்று, தான் கண்டதைத் தம் ஊர்ச் சகோதரிகளுக்கு எழுதினார். அந்தக் கையெழுத்துப்படி 1884-இல் இத்தாலியின் அரெசோ நகரில் கண்டெடுக்கப்பட்டது. குருத்தோலை ஞாயிறன்று பிள்ளைகளைத் தோளில் சுமந்தபடி மக்கள் ஒலிவ மலையிலிருந்து நகருக்குள் இறங்கி வந்ததையும், அந்தந்த இடத்துக்கும் நாளுக்கும் பொருந்திய வாசகங்களே படிக்கப்பட்டதையும் அவர் வியந்து குறிக்கிறார். எருசலேமில் இருந்தவர்களுக்கு அந்த இடங்கள் இருந்தன. தொலைவில் இருந்த மற்றவர்களுக்கு அந்த நாள்கள் கிடைத்தன. நம் பங்கில் குருத்தோலை ஏந்தி ஓசன்னா பாடும் ஒவ்வொரு பாட்டியும் அந்த மலைச்சரிவில்தான் நடக்கிறார். அதே குருத்தோலை காய்ந்து, மறு ஆண்டு எரிக்கப்பட்டு, திருநீறாக அவர் நெற்றிக்கு வருகிறது. சென்ற ஆண்டின் ஆர்ப்பரிப்பு இந்த ஆண்டின் மனமாற்றமாக மாறுவதை நெற்றியில் தொட்டுக் காட்டும் ஏற்பாட்டை வெறும் சுற்று என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கிறிஸ்து பிறப்புக்கு முந்திய திருவருகைக் காலத்தின் நிலையும் இதுவே என்பதால் அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு ஞாயிறுகள் காத்திருக்கச் சொன்ன காலத்தில், டிசம்பர் முதல் வாரமே கேரல் பாடி கேக் வெட்டிவிடுகிறோம். கிறிஸ்து பிறப்புக் காலம் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது என்பதை மறந்து, புத்தாண்டு பிறந்ததும் நட்சத்திரத்தை இறக்கிவிடுகிறோம். குடிலில் குழந்தையின் இடத்தை 24-ஆம் தேதி இரவு வரை வெறுமையாக வைத்திருக்கும் வீடுகள் இன்னும் உள்ளன. அந்த வழக்கத்தை உங்கள் வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டின் பெரும்பகுதி பச்சை நிறத்துக்குரிய பொதுக்காலம்: 33 அல்லது 34 வாரங்கள். 1969-இல் வந்த வாசக ஒழுங்கின்படி ஞாயிறுகளில் ஓர் ஆண்டு மத்தேயு, அடுத்த ஆண்டு மாற்கு, அதற்கடுத்த ஆண்டு லூக்கா என்று நற்செய்தியாளர் ஒருவரோடு தொடர்ந்து நடக்கிறோம். ஆண்டின் எண் மூன்றால் மீதியின்றி வகுபட்டால் அது லூக்காவின் ஆண்டு. மூன்று ஆண்டுகள் கழித்து அதே பகுதி திரும்பி வரும்போது, படிக்கிறவர் மூன்று ஆண்டு மூத்திருக்கிறார். இடையில் ஒரு பிள்ளைக்கு மணம் முடித்திருக்கலாம், ஒருவரை அடக்கம் செய்திருக்கலாம். ஊதாரி மகன் உவமையை இருபது வயதில் மகனாகக் கேட்டவர் அறுபதில் தந்தையாகக் கேட்கிறார்.

ஆகவே அடுத்த தவக்காலத்தில் ஒறுத்தலைக் கூட்ட வேண்டாம்; இருப்பதே போதும். உயிர்ப்புத் திருநாளுக்கு மறுநாள் மாலை, முடிந்தால் தங்கை மகனையும் அழைத்து வைத்துக்கொண்டு, திருத்தூதர் பணிகளை முதல் அதிகாரத்திலிருந்து இருவரும் சேர்ந்து வாசிக்கத் தொடங்குங்கள். மொத்தம் 28 அதிகாரங்கள். 50 நாளுக்குத் தாராளமாகப் போதும். இருபதாம் அதிகாரத்தில், எபேசில் இறங்காமலே கப்பலில் அந்நகரைக் கடந்து, இயன்றால் பெந்தகோஸ்து நாளன்று எருசலேமில் இருக்க வேண்டும் என்று விரைந்து செல்கிற பவுலை நீங்கள் இருவரும் காண்பீர்கள்.