ஓப்பன்எஸ்எஸ்எல் இருந்தும் "காணவில்லை" என்று வருவது ஏன்?

வணக்கம். உபுண்டுவில் ஓப்பன்எஸ்எஸ்எல் (பிற நிரல்கள் மறையாக்கத்துக்குப் பயன்படுத்தும் நூலகம்) நிறுவப்பட்டிருந்தும், ஒரு மென்பொருளின் மூல நிரலைத் தொகுக்கும் முன், தேவையானவை உள்ளனவா என்று பார்க்க ஓடும் கான்ஃபிகர் நிரல் அதைக் காணவில்லை என்று நின்றுவிடுவதாக எழுதியிருந்தீர்கள். உங்களிடம் இருப்பது நிரல்கள் இயங்கும்போது தேவைப்படும் நூலகம் மட்டுமே. தொகுப்பதற்கு வேண்டிய ஹெடர் கோப்புகள் (நூலகத்தில் என்னென்ன உள்ளன என்பதை, தொகுக்கும் கருவியான கம்பைலருக்குச் சொல்பவை) உபுண்டு போன்ற டெபியன் வழிவந்த இயங்குதளங்களில் 'டெவ்' என்று முடியும் தனிப் பொதியில் வருகின்றன (ஃபெடோராவில் 'டெவல்'). ஆகவே 'லிப்எஸ்எஸ்எல்-டெவ்' பொதியை நிறுவுங்கள்.

அடுத்து வேறொரு நூலகம் இல்லையென்று நிற்கக்கூடும். நீங்கள் தொகுக்கும் மென்பொருள் உபுண்டுவின் களஞ்சியத்திலும் (பொதிகள் தரவிறங்கும் இடம்) இருந்தால், களஞ்சியப் பட்டியலில் மூலப் பொதிகளையும் இயக்கி, 'ஆப்ட் பில்ட்-டெப்' கட்டளையால் அதைத் தொகுக்க வேண்டிய சார்புப் பொதிகளை ஒரே தடவையில் வரவழைக்கலாம். உங்கள் மூல நிரல் களஞ்சியத்தில் உள்ளதைவிடப் புதிய பதிப்பாயின் ஓரிரண்டு கூடுதலாகத் தேவைப்படலாம். ஹெடர் கோப்பின் பெயர் மட்டும் தெரிந்திருந்தால், அது எந்தப் பொதியில் உள்ளது என்பதை 'ஆப்ட்-ஃபைல்' தேடிச் சொல்லும். இணையத்தில் அகப்பட்ட ஹெடர் கோப்பைத் தனியாக எடுத்து வைக்காதீர்கள். நானும் ஒருமுறை அப்படிச் செய்து, பதிப்புப் பொருந்தாமல் ஒரு மாலைப் பொழுதை இழந்தேன்.

அதன் பிறகும் நின்றால், திரையின் கடைசி வரியை மட்டும் நம்பாமல் கான்ஃபிகர் எழுதிவைக்கும் 'கான்ஃபிக்.லாக்' கோப்பில் கம்பைலர் தந்த பிழைச்செய்தியைத் தேடி, அப்பகுதியை இங்கே இடுங்கள்.