மடிக்கணினியில் உடனே திறக்கும் பக்கம் கைப்பேசியில் தாமதமாவது ஏன்?

கேள்வி: வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனைக்கு அருகே என் சித்தப்பா நடத்தும் தங்கும் விடுதிக்கு நான் ஓர் இணையதளம் அமைத்துக் கொடுத்தேன். தமிழ், வங்காளம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் உள்ளது. என் மடிக்கணினியில் லைட்ஹவுஸ் (பக்கத்தின் வேகம் முதலியவற்றை அளக்கும் கூகுள் கருவி) சோதனை 96 மதிப்பெண் காட்டுகிறது. ஆனால் காட்பாடியில் ரயிலைவிட்டு இறங்கி அறை தேடுகிறவர்கள், பக்கம் திறக்க வெகுநேரம் ஆகிறது என்கிறார்கள். ஐபோனில் அடியிலுள்ள 'அழைத்துப் பேச' பட்டன் தெரிவதே இல்லையாம். என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் அனுப்பிய முகவரியைத் திறந்து பார்த்தேன். அந்த 96 மதிப்பெண் மேசைக்கணினி முறையில் எடுக்கப்பட்டது. உங்கள் விருந்தினர் கையில் இருப்பதோ நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன். குரோமில் எஃப்12 அழுத்தி உருவாக்குநர் கருவிகளைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் 'ஸ்லோ 4ஜி'யைத் தேர்ந்தெடுத்து, 'டிசேபிள் கேஷ்' (முன்பு சேமித்து வைத்த கோப்புகளைப் பயன்படுத்தாதிருத்தல்) என்பதையும் குறியிட்டு, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சி.பி.யு. வேகத்தை நான்கில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டுப் பக்கத்தை மீண்டும் திறந்தால், அவர்கள் படும் பாடு உங்களுக்கும் தெரியும். முதன்மை உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தோன்ற வேண்டும் என்பது கூகுள் வகுத்துள்ள அளவுகோல்.

பெரும்பங்குத் தவறு முகப்பிலுள்ள அறையின் படத்தில் இருக்கிறது. கைப்பேசியில் எடுத்த 4000க்கு 3000 பிக்சல் படத்தை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள். அளவு சுமார் 4 எம்பி. விநாடிக்கு 4 மெகாபிட் கிடைக்கும் இணைப்பில் அது ஒன்று இறங்கவே எட்டு விநாடி ஆகும். இறங்கிய பிறகு அதை விரித்துக் காட்ட, பிக்சலுக்கு 4 பைட் வீதம் 48 எம்பி நினைவகம் வேண்டும். போனின் திரை அகலமோ பெரும்பாலும் 1080 பிக்சல்தான். அந்த அகலத்துக்குச் சுருக்கி வெப்பி (WebP) என்ற சிறிய கோப்பு வடிவில் சேமித்தால் பொதுவாக 150 கேபிக்குள் அடங்கிவிடும். சிறிய திரைகளுக்கு 720 பிக்சலில் இன்னொன்றும் செய்து, இரண்டையும், திரைக்கேற்ற படத்தை உலாவியே தேர்ந்தெடுக்க உதவும் எஸ்.ஆர்.சி.செட்டில் (srcset) கொடுங்கள்.

எல்லாப் படங்களுக்கும் லேசி லோடிங் (திரைக்கு அருகே வரும்போது மட்டும் படத்தை இறக்கும் முறை) போட்டிருப்பது நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆயினும் முகப்புப் படத்துக்கு அது எதிரி. பக்க அமைப்பைக் கணக்கிட்டு, படம் திரைக்குள் வருகிறதா என்று தெரிந்துகொண்ட பிறகே உலாவி அதைக் கேட்கத் தொடங்கும். அந்த ஒரு படத்திலிருந்து மட்டும் அதை நீக்கிவிட்டு, எதை முதலில் இறக்குவது என்று உலாவிக்குச் சொல்லும் ஃபெட்ச்பிரையாரிட்டியை (fetchpriority) 'ஹை' என்று வையுங்கள். அகல உயரங்களையும் குறிப்பிட்டுவிட்டால், படம் வந்ததும் வாடகை விவரம் கீழே துள்ளாது.

எழுத்துருவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ், வங்காளம் இரண்டின் எழுத்துருக்களும் ஒரே கோப்பில் இருப்பதால், ஹவுராவிலிருந்து வந்தவரும் தமிழ் எழுத்துக்களைச் சேர்த்தே இறக்குகிறார். கோப்பைப் பிரித்து, எந்த எழுத்துகளுக்கு எந்தக் கோப்பு என்று சொல்லும் யூனிகோட் ரேஞ்சில் (unicode-range) தமிழுக்கு 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் (0B80–0BFF) வரையும், வங்காளத்துக்கு 0980 முதல் 09எஃப்எஃப் (0980–09FF) வரையும் எழுத்தெண்களைக் கொடுத்தால், பக்கத்தில் தேவைப்படும் எழுத்துரு மட்டுமே இறங்கும். வங்காள முற்றுப்புள்ளியான தண்டக்குறி 0964இல், தேவநாகரிப் பகுதியில் இருக்கிறது. அதையும் சேர்க்க மறவாதீர்கள். இன்னொன்று, உங்கள் தமிழ்ப் பக்கத்தின் தலைப்பில் மொழி மாற்றும் இணைப்பு வங்காள எழுத்தில் இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்காகவே முழு வங்காள எழுத்துருவும் இறங்கிவிடும் என்பதால், அதற்கு மட்டும் போனிலேயே உள்ள எழுத்துருவைக் கொடுங்கள். கோப்பைச் சிறிதாக்கும்போது எழுத்துச் சேர்க்கை விதிகளை வெட்டிவிடாதீர்கள். வெட்டினால் 'கு', 'மூ' போன்றவை ஓர் எழுத்தாகச் சேராமல் உடைந்து நிற்கும்.

இனி ஐபோன். பட்டன் இருக்கும் பகுதிக்கு உயரம் 100 வி.எச். (vh, அதாவது திரையின் முழு உயரம்) என்று வைத்திருக்கிறீர்கள். சஃபாரி இந்த அளவை, தன் முகவரிப் பட்டை சுருங்கிய நிலையிலுள்ள பெரிய திரையைக் கொண்டு கணக்கிடுகிறது. பக்கம் திறக்கும்போது பட்டை விரிந்திருப்பதால் அடிப்பகுதி அதற்குள் மறைகிறது. நம் நாட்டு ஐபோனில் குரோமுக்கும் உள்ளே ஓடுவது சஃபாரியின் அதே வெப்கிட் இயந்திரம் என்பதால், உலாவியை மாற்றச் சொல்லிப் பயனில்லை. 100 வி.எச். வரிக்குக் கீழே 100 எஸ்.வி.எச். (svh, அதாவது பட்டை விரிந்த நிலையிலுள்ள சிறிய திரையின் உயரம்) என்று இன்னொரு வரி சேருங்கள். 2022இல் வந்த சஃபாரி 15.4 முதல் இதற்கு ஆதரவு உண்டு. பழைய உலாவிகள் முதல் வரியையே எடுத்துக்கொள்ளும்.

முன்பதிவுப் படிவத்தில் எழுத்தின் அளவு 14 பிக்சலாக இருக்கிறது. 16க்குக் குறைந்தால், பெட்டியைத் தொட்டதும் ஐபோன் பக்கத்தையே பெரிதாக்கிவிடும். அதை 16 ஆக்குங்கள். இதற்குத் தீர்வாகப் பெரிதாக்கும் வசதியை முடக்கச் சொல்லும் குறிப்புகள் உங்கள் கண்ணில் படலாம். அதைச் செய்யவே வேண்டாம். கண் மங்கிய முதியவர்கள் ஆண்ட்ராய்டு போனில் வாடகைப் பட்டியலை விரலால் பெரிதாக்கிப் படிப்பதையும் அது தடுத்துவிடும்.