வாசகர் கேள்வி - பதில்: அலியை ஏன் யாரும் தடுக்கவில்லை?

கேள்வி: 1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குத்துச்சண்டை வீரர் முகமது அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் மோதியதை என் தந்தையார் நேரில் பார்த்தவர். அதே ஆண்டு லாரி ஹோம்ஸிடம் அலி பட்ட அடியைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுவார். தம் காலம் முடிந்துவிட்டது என்பது அலிக்குத் தெரியாதா? உடனிருந்தவர்களாவது எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?
- வாசகர் ஒருவர், வியாசர்பாடி

பதில்: சொன்னவர்கள் இருந்தார்கள், சொல்லிப் பார்த்துவிட்டு விலகியும் போனார்கள். 1977 செப்டம்பரில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஏர்னி ஷேவர்ஸுடன் அலி 15 சுற்றுகள் மோதினார். வென்றவர் அலிதான். ஆனாலும் அந்த அரங்கின் போட்டி அமைப்பாளர் டெடி பிரென்னர், இனி அலிக்கு இங்கே போட்டி தருவதில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்துவிட்டார். பல ஆண்டுகளாகப் போட்டி மேடையில் அலியின் மூலையில் நின்று அவரைக் கவனித்த மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, சிறுநீரகங்கள் பழுதடைந்து வருவதைக் காட்டிய ஆய்வக அறிக்கையை அலிக்கும், அவருடைய மனைவிக்கும், மேலாளருக்கும் அனுப்பி வைத்தார். ஒருவரிடமிருந்தும் பதில் வராததால் அவர் அணியை விட்டு வெளியேறினார்.

அலிக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். இளமையில் அவர் கைகளைத் தொங்கவிட்டபடி, தலையை மட்டும் பின்னுக்கு இழுத்தே குத்துகளைத் தவிர்த்தவர். எதிராளியின் கையுறை மோவாய்க்கு ஓர் அங்குலம் முன்னால் காற்றைக் குத்திவிட்டுத் திரும்பும். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக 1967-இல் உலக ஹெவிவெயிட் பட்டம் பறிக்கப்பட்டு, மூன்றரை ஆண்டுகள் கழித்து மேடைக்குத் திரும்பியபோது கால்களில் அந்த வேகம் இல்லை. எவ்வளவு அடி விழுந்தாலும் தம்மால் தாங்க முடியும் என்பதை அவர் கண்டுகொண்டது அப்போதுதான். அவருக்குக் கேடாக முடிந்தது அந்தத் தாங்கும் திறனே என்பது என் கருத்து. நடுத்தரமான வீரன் காலம் கடந்து மேடையேறினால் இரண்டாம் சுற்றிலேயே சுருண்டு விழுந்து, அத்தோடு வீட்டுக்குப் போய்விடுவான். பெரிய வீரனோ விழமாட்டான், விழாமல் நின்று 10 சுற்று, 15 சுற்று என்று எல்லாவற்றையும் தலையிலேயே வாங்கிக்கொள்வான்.

ஹோம்ஸுடனான போட்டிக்கு முன் மேயோ மருத்துவமனையில் அலியைப் பரிசோதித்தார்கள். விரலால் மூக்கின் நுனியைத் தொடச் சொன்னபோது குறி சற்றே தவறியது. ஒற்றைக் காலில் துள்ளச் சொன்னபோது எதிர்பார்த்த சுறுசுறுப்பு இல்லை. இவையெல்லாம் அறிக்கையில் இருந்தும், போட்டியைத் தடுக்கும் அளவுக்கு எதுவும் இல்லை என்று முடிவாகி, போட்டி நடக்கவிருந்த நெவாடா மாநிலத்தின் விளையாட்டு ஆணையம் உரிமம் வழங்கியது. இதற்கிடையில், ஒரு மருத்துவர் கொடுத்த தைராய்டு மாத்திரைகளைச் சொன்ன அளவுக்கு மேல் விழுங்கி, அலி உடலை இளைக்க வைத்திருந்தார். நரைக்குச் சாயமும் பூசியாயிற்று. எடை ஏறத்தாழ 98 கிலோ, அதாவது 1974-இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை வீழ்த்தியபோது இருந்த எடை. கண்ணாடியில் பார்த்தவர்கள் எல்லோரும், அலி உட்பட, அந்தப் பழைய அலியைத்தான் பார்த்தார்கள்.

1980 அக்டோபர் 2 அன்று லாஸ் வேகாஸில் மோதியபோது அவருக்கு வயது 38. ஒரு காலத்தில் அவருக்குப் பயிற்சித் துணையாக இருந்த ஹோம்ஸ், எதிரே நிற்பவரை அடிக்க மனமில்லாமல், போட்டியை நிறுத்தமாட்டாரா என்று நடுவரைப் பார்த்தபடியே அடித்தார். மூன்று மதிப்பெண் நடுவர்களும் ஒரு சுற்றைக்கூட அலிக்குக் கொடுக்கவில்லை. பத்தாம் சுற்று முடிந்ததும் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி போட்டியை நிறுத்தச் சொன்னார். உதவியாளர் பண்டினி பிரவுனோ இன்னும் ஒரே ஒரு சுற்று என்று டண்டியின் சட்டையைப் பிடித்துக் கெஞ்சினார். அலியின் மேல் அவருக்கு அன்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிரவுனின் அந்தக் கெஞ்சலில் உங்கள் கேள்விக்கான விடையில் பாதி இருக்கிறது.

மீதிப் பாதி பணம். 80 லட்சம் டாலர் பேசப்பட்ட போட்டி அது. அலிக்கு முன்னால் ஜோ லூயிஸும் இதே வழியில்தான் போனார். போர்க்காலத்தில் இரண்டு போட்டிகளின் வருமானத்தைப் படையினர் நல நிதிகளுக்கு நன்கொடையாகக் கொடுத்தவர் அவர். அந்தத் தொகையையும் அவருடைய வருமானமாகவே கணக்கிட்டது அமெரிக்க வரித்துறை. கடனை அடைக்க மீண்டும் மேடையேறிய லூயிஸ், 1951 அக்டோபரில், 37-ஆம் வயதில், ராக்கி மார்சியானோவின் குத்தில் எட்டாம் சுற்றில் கயிறுகளுக்கு வெளியே போய் விழுந்தார்.

அலி அதற்குப் பிறகும் ஓயவில்லை. 1981 டிசம்பரில் பஹாமாஸின் நசாவ் நகரில் டிரெவர் பெர்பிக்குடன் மோதினார். அங்கே சுற்று தொடங்கவும் முடியவும் அடிப்பதற்கு முறையான மணிகூட இல்லாமல், மாட்டின் கழுத்தில் கட்டும் மணியைத் தேடிப் பிடித்து அடித்தார்கள். பத்துச் சுற்று ஆடித் தோற்றதே அவருடைய கடைசிப் போட்டி. 1984-இல் பார்க்கின்சன் நோய் உறுதியானது. அதற்குக் குத்துகள் எவ்வளவு காரணம் என்பதில் மருத்துவர்கள் ஒருமித்துப் பேசுவதில்லை. ஆனால் அவருடைய பழைய தொலைக்காட்சிப் பேட்டிகளை ஆராய்ந்தவர்கள், 1968-க்கும் 1981-க்கும் இடையில் அவர் பேசும் வேகம் 26 சதவீதம் குறைந்திருந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தப் பேச்சை ஊரே கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

கேள்வி: ஃபோர்மன் 45 வயதில் பட்டம் வென்றாரே? எல்லோரையும் வயதை வைத்து அளப்பது நியாயமா?
- வாசகி ஒருவர், திருச்சி

பதில்: நியாயமில்லைதான். 1994 நவம்பரில், 26 வயது மைக்கேல் மூரரை ஃபோர்மன் பத்தாம் சுற்றில் ஒரே வலக்கைக் குத்தில் சாய்த்தார். அலியிடம் தோற்ற நாளில் அணிந்திருந்த அதே காற்சட்டையை அன்றும் அணிந்திருந்தார் என்பது ரசிகர்கள் மறக்காத செய்தி. ஆனால் அந்தக் குத்து விழும்வரை மதிப்பெண்ணில் முந்திக்கொண்டிருந்தவர் மூரர். குத்துச்சண்டை வீரனை விட்டுக் கடைசியாக விடைபெறுவது கைவலிமை. முதலில் போவது கண்ணும் காலும். மேலும், ஃபோர்மன் 1977 முதல் பத்து ஆண்டுகள் மேடையையே துறந்து மதபோதகராக இருந்தவர். அந்தப் பத்து ஆண்டுகளும் அவர் தலையில் ஒரு குத்துகூட விழவில்லை. இந்தக் கணக்கை மறந்துவிட்டு அவருடைய வெற்றியை மட்டும் எடுத்துக்காட்டுவது ஆபத்தானது.

கேள்வி: வீரரே நிறுத்த மறுத்தால், சட்டப்படி நிறுத்தும் அதிகாரம் யாருக்கு?
- வாசகர் ஒருவர், மதுரை

பதில்: அமெரிக்காவில் வீரருக்கு உரிமம் தரவும் மறுக்கவும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி ஆணையம் உண்டு, நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே ஆணையம் கிடையாது. 2004-இல் முன்னாள் உலகச் சாம்பியன் எவாண்டர் ஹோலிஃபீல்ட் தோற்றபோது, திறமை மங்கிவிட்டது என்று நியூயார்க் ஆணையம் அவரை நிறுத்தி வைத்தது. 2006-இல் அவர் டெக்சாஸில் மேடையேறினார். 2021-இல், 58 வயதில், விட்டோர் பெல்ஃபோர்ட்டுடன் மோதக் கலிஃபோர்னியா இடம் தராததால் போட்டி ஃபுளோரிடாவுக்கு மாறியது. முதல் சுற்று முடிவதற்குள் நடுவர் குறுக்கே புகுந்து ஹோலிஃபீல்டைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.