இரண்டாம் உலகப் போரில் கண்டி அருகேயுள்ள பேராதனையிலிருந்து போரை நடத்திய பிரிட்டிஷ் தளபதி மவுண்ட்பேட்டன் உண்மையில் சமிக்ஞை (செய்தித் தொடர்பு) அதிகாரியா?

ஆம், கடற்படையில் அவர் கற்றுத் தேர்ந்த தொழிலே அதுதான். 1924இல் போர்ட்ஸ்மவுத் சமிக்ஞைப் பள்ளியில் சேர்ந்தார். 1931இல் மத்தியதரைக் கடற்படைக்குக் கம்பியில்லாத் தந்தி அதிகாரியானார். 1941இல் டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் இராணுவ விருது கிடைத்தது. அதே ஆண்டு மே மாதம் அவர் தலைமை தாங்கிய 'கெல்லி' போர்க்கப்பல் கிரீட் தீவருகே மூழ்கியது.

1944 ஏப்ரலில் தம் தலைமையிலிருந்த நேச நாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளையகத்தைப் புது தில்லியிலிருந்து பேராதனைப் பூங்காவுக்கே கொண்டுவந்துவிட்டார். பள்ளிச் சுற்றுலாவில் பெரிய அத்திமர நிழலில் நாங்கள் சோற்றுப் பொட்டலம் பிரித்தோமே, அதே தோட்டம்தான்! போர்முனையோ வங்காள விரிகுடாவுக்கு அப்பால், பர்மாக் காட்டில். மகாவலிக் கரையில் அமர்ந்து அதை நடத்தத் துப்பாக்கியைவிடத் தந்திதான் முக்கியம். அந்த வகையில் கண்டிக்கு வாய்த்தவர் சரியான ஆள் என்பேன். போர் முடிந்தபின் தலைமையகம் சிங்கப்பூருக்குப் போய்விட்டது.