யங்கூன் உளுந்துக்கு அனுப்பிய பணம் திரும்பி வந்தால்

கேள்வி: சிராங்கூன் சாலைப் பக்கம் சிறிய பருப்பு வணிக நிறுவனம் நடத்துகிறேன். யங்கூனில் உளுந்து வாங்கிச் சென்னைக்கு விற்கிறேன். சரக்கு சிங்கப்பூருக்கு வராது. பத்திரமும் பணமும்தான் இங்கே. போன மாதம் 4 கொள்கலனுக்கு அனுப்பிய 86,400 அமெரிக்க டாலர் 11 நாள் கழித்துத் திரும்பி வந்துவிட்டது. வங்கியைக் கேட்டால் ‘கம்ப்ளையன்ஸ்’ (விதி இணக்கம்) என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொள்கிறார்கள். மியன்மார்மீது சிங்கப்பூர் தடை போடவில்லையே? பருப்பு என்ன ஆயுதமா? இப்படி நெருக்கினால் அங்கே ராணுவ ஆட்சி திருந்திவிடுமா, இல்லை எங்களுக்குத்தான் நட்டமா? அடுத்த சரக்குக்கு என்ன செய்வது?

பதில்: பணம் திரும்பி வந்ததே நல்ல செய்திதான். டாலரில் அனுப்பும் பணம் இரண்டு விதமாக நிற்கும். ஒன்று, நிராகரிப்பு: வழியில் ஏதோ ஒரு வங்கி ‘எங்களுக்கு வேண்டாம்’ என்று திருப்பிவிடும். மற்றொன்று, முடக்கம்: அமெரிக்கத் தடைப் பட்டியலில் உள்ள ஒருவருக்கு அந்தப் பணத்தில் பங்கு இருப்பதாகத் தெரிந்தால், நியூயார்க்கில் உள்ள இடைவழி வங்கி அதை எடுத்துத் தனிக் கணக்கில் பூட்டிவிடும். அமெரிக்க நிதியமைச்சின் ‘ஓஃபாக்’ அலுவலகம் உரிமம் தராமல் அது வெளியே வராது. அதற்குள் ஆண்டுகள் ஓடிவிடலாம். உங்களுக்கு நடந்தது முதல் வகை. அதனால் வங்கியிடம் ஏன் என்று கேட்பதை விட, எங்கே நின்றது என்று கேளுங்கள்: உங்கள் வங்கியிலேயேவா, நியூயார்க்கிலா, யங்கூனிலா? காரணத்தைச் சொல்ல அவர்களுக்குச் சட்டத்தடை இருக்கலாம். எந்த இடத்தில் நின்றது என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். அடுத்து என்ன செய்வது என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது.

சிங்கப்பூர் தடை போடவில்லை என்று நீங்கள் சொல்வது ஏறக்குறைய சரி. ஐக்கிய நாட்டு நிறுவனப் பாதுகாப்பு மன்றம் மியன்மார்மீது பொருளியல் தடை விதிக்கவில்லை. பொத்தாம்பொதுவான தடை சாதாரண மக்களையே தாக்கும் என்று நம் வெளியுறவு அமைச்சும் 2021லிருந்து சொல்லி வருகிறது. ஆயுதங்கள் போகக்கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுப்பில்லை. வடகொரியாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த நாட்டுடன் எல்லா வணிகத்தையும் சிங்கப்பூர் 2017 நவம்பர் 8 முதல் நிறுத்திவிட்டது. அங்கே உளுந்து வியாபாரமும் குற்றம்தான். சிங்கப்பூரின் ஐ.நா. சட்டத்தின்கீழ் வரும் விதிகளை மீறும் தனிநபருக்கு 500,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதமோ 10 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். உங்கள் வியாபாரம் அந்த வகையில் சேராது.

ஆனால் நீங்கள் பணம் அனுப்பியது டாலரில். சிங்கப்பூரிலிருந்து யங்கூனுக்குப் போகும் டாலரும் அமெரிக்காவில் உள்ள ஒரு வங்கியின் கணக்கேட்டைத் தொட்டுவிட்டுத்தான் போகும். தொட்ட அந்த நொடியில் அமெரிக்கச் சட்டம் பேசும். சிஎஸ்இ டிரான்ஸ்டெல் என்ற சிங்கப்பூர் நிறுவனம் 2017இல் ஓஃபாக்குடன் 12 மில்லியன் டாலருக்குச் சற்று அதிகமாகக் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. ஈரான் வேலைகளுக்கான 104 பட்டுவாடாக்களை இங்குள்ள ஒரு வங்கி வழியாக டாலரில் அனுப்பியதுதான் விவகாரம். வேலை நடந்தது ஈரானில், நிறுவனம் சிங்கப்பூருடையது, அமெரிக்கர் யாரும் ஒப்பந்தத்தில் இல்லை. டாலர் ஒன்றே போதுமானதாக இருந்தது. ஈரான் தொடர்பான பணத்தை அனுப்பமாட்டோம் என்று அந்த வங்கிக்கு எழுதிக் கொடுத்திருந்ததும் அவர்களுக்கு எதிராகவே போயிற்று. வங்கி நீட்டும் உறுதிமொழிக் கடிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

இனி நீங்கள் பார்க்க வேண்டியவை. முதலில், விற்பவரின் பணம் எந்த வங்கியில் விழுகிறது? மியன்மா ஃபாரின் ட்ரேட் பேங்க், மியன்மா இன்வெஸ்ட்மென்ட் அண்ட் கமர்ஷியல் பேங்க் என்ற இரண்டு அரசு வங்கிகளை அமெரிக்கா 2023 ஜூன் 21இல் பட்டியலில் சேர்த்தது. இடைவழி வங்கியாகவேனும் இவற்றின் பெயர் வந்தால் அனுப்பாதீர்கள். அது திரும்பி வராது, முடங்கும்.

இரண்டாவது, விற்பவர் யார், அவருக்குப் பின்னால் யார்? மியன்மார் எகனாமிக் ஹோல்டிங்ஸ், மியன்மார் எகனாமிக் கார்ப்பரேஷன் என்ற இரு ராணுவக் குழுமங்களும் 2021 மார்ச்சிலிருந்து அமெரிக்கப் பட்டியலில் உள்ளன. நிறுவனத்தின் பெயர் பட்டியலில் இல்லை என்பதால் மட்டும் அது சுத்தமாகிவிடாது. பட்டியலில் உள்ளவர்களின் பங்குகளைக் கூட்டி 50 விழுக்காடோ அதற்கு மேலோ வந்தால் அந்த நிறுவனமும் தடைக்குள் வந்துவிடும். ஒருவருக்கு 30, அவர் மகனுக்கு 25 என்றால் தனித்தனியே இருவரும் சிறுபான்மைப் பங்குதாரர்கள். இருவரும் பட்டியலில் இருந்தால் கூட்டுத்தொகை 55, கதை முடிந்தது. மியன்மாரின் இணையவழி நிறுவனப் பதிவேடான ‘மைகோ’வில் இயக்குநர் விவரத்தைத் தேடலாம். பங்குதாரர் பட்டியலை விற்பவரிடமே கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் அந்தத் தயக்கமே உங்களுக்குப் பதில்.

பெயரில் ஒரு சிக்கல் உண்டு. பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ‘ஊ’, ‘டாவ்’ என்பவை மரியாதை முன்னொட்டுகள். ஒரே பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். நம்மில் தகப்பன் பெயரின் முதலெழுத்தும் ‘முருகனும்’ மட்டும் வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது போலத்தான். வங்கியின் கணினி ‘பொருந்துகிறது’ என்று சொல்வதில் பெரும்பகுதி தவறான ஆள். பிறந்த தேதியும் தேசிய அடையாள எண்ணும் கையில் இருந்தால் ஒரு மின்னஞ்சலில் தீரும்; இல்லாவிட்டால் வாரக்கணக்கில் இழுக்கும். உங்கள் 11 நாளில் எத்தனை நாள் இதற்கே போயிருக்குமோ.

மூன்றாவது, பத்திரங்கள். இந்த வியாபாரத்தில் ‘ஸ்விட்ச் பில்’ சகஜம்: யங்கூனில் போட்ட பில் ஆஃப் லேடிங்கை (கப்பல் சரக்குச் சீட்டை) ஒப்படைத்துவிட்டு, உங்களையே ஏற்றுமதியாளராகக் காட்டும் புதிய பில்லைச் சிங்கப்பூரில் வாங்கிக்கொள்வது. சென்னைக்காரர் உங்கள் விற்பனையாளரை நேரே பிடித்துவிடக்கூடாதே என்பதுதான் நோக்கம், அதில் தப்பில்லை. ஆனால் சரக்கு எங்கிருந்து வந்தது என்பதை மறைக்க நினைப்பவரும் இதையேதான் செய்வார். வங்கியின் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. எனவே இரண்டு பில்களையும் சேர்த்தே கொடுங்கள். கூடவே ஒப்பந்தம், இன்வாய்ஸ், பயிர்நலச் சான்றிதழ், புகையூட்டல் சான்றிதழ், பிறப்பிடச் சான்றிதழ். எடை எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும். 24 டன் கொள்கலன் என்றால் 50 கிலோ மூட்டை 480. ஒரு தாளில் 480, இன்னொன்றில் 500 என்றிருந்தால் அங்கேயே நிற்கும்.

செய்யவே கூடாதவை சில. பணம் அனுப்பும் படிவத்தில் ‘மியன்மார்’ என்ற சொல்லை விட்டுவிடுவது, பொருளை வெறுமனே ‘உணவுப்பொருள்’ என்று எழுதுவது, 86,400ஐ ஒன்பது துண்டாக்குவது. பெயரை உருவிவிட்டு அனுப்புவது வெறும் தவறு என்ற நிலையிலிருந்து குற்றமாக மாறும் இடம். சூடான், ஈரான், கியூபா பணத்தை அப்படி மறைத்ததற்காகத்தான் பிஎன்பி பரிபா வங்கி 2014இல் கிட்டத்தட்ட 9 பில்லியன் டாலர் கட்டியது. வங்கிக்கு வெளியே கைமாற்றும் உண்டியல் வழியாக அனுப்பலாமா என்றால், உரிமமில்லாத பணமாற்றுச் சேவை இங்கே சட்டவிரோதம். அதோடு நாளைக்கு உங்கள் சுத்தத்தை நிரூபிக்க ஒரு தாளும் மிஞ்சாது. சிங்கப்பூர் வெள்ளியில் அனுப்பினால் நியூயார்க்கைத் தவிர்க்கலாம். ஆனால் உங்கள் வங்கியின் கேள்விகள் குறையாது. மியன்மாரை 2022 அக்டோபரில் பணமோசடித் தடுப்புக்கான அனைத்துலக அமைப்பான எஃப்ஏடிஎஃப் கறுப்புப் பட்டியலில் சேர்த்த பிறகு கூடுதல் ஆய்வு அவர்களின் கடமை.

பருப்பு ஆயுதமா என்று கேட்டீர்கள். இல்லை. ஆனால் டாலருக்கு உளுந்தின் வாசனை இருக்காது. ஏற்றுமதியாளர்கள் ஈட்டிய அந்நியச் செலாவணியைக் கட்டாயமாக உள்நாட்டுப் பணமாக மாற்ற வேண்டும் என்று மியன்மார் மத்திய வங்கி 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அது 65 விழுக்காடானது. படிப்படியாக இறங்கி 2024இல் 25 விழுக்காட்டுக்கு வந்தது. அப்போது அரசின் மாற்று விகிதம் டாலருக்கு 2,100 சாட் (மியன்மார் பணம்). வெளிச்சந்தையில் அதைப் போல இரு மடங்குக்கு மேல் இருந்தது. அந்த 25 விழுக்காட்டை உங்கள் கணக்கிலேயே வைத்துப் பாருங்கள்: 86,400இல் கால் பங்கு 21,600, அதாவது ஒரு கொள்கலனின் முழு விலை. நான்கு கொள்கலனில் ஒன்றின் டாலர் அரசு சொன்ன விலைக்குக் கைமாறும். அதில் பாதிக்கு மேல் இழப்பு. அந்த இழப்பு பாகோவில் உள்ள விவசாயிக்குத் தரும் விலையில்தான் கழியும். இது தெரிந்து வியாபாரம் செய்யுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன், நிறுத்துங்கள் என்பதற்காக இல்லை. அந்த விவசாயிக்கு வேறு வாங்குபவர் இல்லாமல் போனால் யாருக்கும் நன்மை இல்லை.

இனி பெரிய கேள்வி, ஆட்சி திருந்துமா? தடை பலித்ததற்குத் தென்னாப்பிரிக்காவைக் காட்டுவார்கள். நேட்டாலில் நம்மவர்கள் பட்ட அவமானத்துக்காக இந்தியா 1946இலேயே அந்த நாட்டோடு வணிகத்தை முறித்தது, ஐ.நா.வின் கட்டாய ஆயுதத் தடை 1977இல் வந்தது. ஆனாலும் ஆட்டம் கண்டது 1985இல், வெளிநாட்டு வங்கிகள் குறுகியகாலக் கடனைப் புதுப்பிக்க மறுத்தபோதுதான். அந்நாட்டு நாணயமான ராண்ட் சரிந்தது, அரசு கடன் தவணையை நிறுத்தியது, வெள்ளை முதலாளிகளே பேச்சுவார்த்தை கேட்டார்கள். அடி விழுந்தது முடிவெடுப்பவர்களின் பையில். கோரிக்கையும் தெளிவாக இருந்தது: மண்டேலாவை விடுவி, தடைசெய்த கட்சிகளை அனுமதி.

ஈராக்கில் 1990 ஆகஸ்டில் போட்டது இதற்கு நேர்மாறு. எல்லாவற்றையும் அடைத்தார்கள். மக்கள் அரசின் பங்கீட்டு அட்டையை நம்பியே வாழ வேண்டியதாயிற்று, பங்கீட்டைக் கையில் வைத்திருந்த சதாமின் பிடி இறுகியது. மியன்மாரிலும் 2003இல் அமெரிக்கா இறக்குமதியை மொத்தமாகத் தடுத்தபோது தெருவுக்கு வந்தது தையல் ஆலைப் பெண்கள். தளபதிகளின் எரிவாயு வருமானம் அப்படியே இருந்தது.

எங்கள் கணிப்பு இதுதான்: குறிப்பிட்டவர்களை மட்டும் குறிவைக்கும் தடை ஆட்சியைத் திருத்துகிறதோ இல்லையோ, அதன் கையைக் கட்டும். ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2024இல் வெளியிட்ட கணக்கில், மியன்மார் ராணுவத்துக்கு ஆயுதமும் அது சார்ந்த பொருளும் சிங்கப்பூர் நிறுவனங்கள் வழியாகப் போனது ஓராண்டில் ஏறக்குறைய 110 மில்லியன் டாலரிலிருந்து 10 மில்லியனுக்கு இறங்கியிருந்தது. யாருடைய இட்லி மாவையும் தொடாமல் கிடைத்த பலன் அது. அதே காலத்தில் தாய்லாந்து வழியாகப் போனது இரட்டிப்பானது, அரசின் பணப்புழக்கம் மியன்மா எகனாமிக் பேங்க் என்ற வேறொரு வங்கிக்கு நகர்ந்தது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருக்கும் வரை முழுப் பலன் வராது.

உங்கள் நட்டம் உண்மையானது. அதில் பெரும்பகுதி சட்டத்தால் வந்ததல்ல, வங்கியின் அச்சத்தால் வந்தது. அச்சத்தைத் தாளால் தணிக்கலாம். அடுத்த முறை கொள்கலனில் ஏற்றுவதற்கு முன்பே எல்லாப் பத்திர நகல்களையும், பங்குதாரர் பட்டியலையும், பெறும் வங்கியின் பெயரையும் உங்கள் வங்கிக்கு அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏற்றிய பிறகு பணம் நின்றால் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஒருபுறம் ஓடும், மழைக்காலத்தில் பயறு வண்டு மறுபுறம் வேலையைத் தொடங்கும். வங்கி மறுத்தால் யாரும் ஒப்பந்தம் மீறியதாகாது என்றும், தாமதச் செலவு யாருடையது என்றும் ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேருங்கள். தாள்களை 10 ஆண்டு வைத்திருங்கள். அமெரிக்க விதி 2025 மார்ச் முதல் அவ்வளவு கேட்கிறது.

அப்படியும் வங்கி மறுத்தால் ஒரு மாற்று உண்டு. பருப்புக்காக இந்தியாவும் மியன்மாரும் பஞ்சாப் நேஷனல் பேங்க் வழியாக ரூபாயில் தீர்க்கும் ஏற்பாட்டை 2024 ஜனவரியில் தொடங்கின. சென்னைக்காரர் யங்கூனுக்கு நேரே ரூபாய் கட்டட்டும். நீங்கள் கமிஷன் முகவராக அவரிடம் உங்கள் பங்கை வாங்கிக்கொள்ளலாம். இலாபம் குறையும், விற்பவர் யார் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். விற்பவரைப் பற்றிய மேற்சொன்ன சோதனைகளை அப்போதும் செய்துவிட்டே கமிஷன் இன்வாய்ஸ் போடுங்கள்.