பேடன்ட் டிராயிங் கத்துக்கிட்டா வேலையில மேல போக முடியுமா?

கேள்வி: எனக்கு ஊரு கோத்தகிரி. பிஎஸ்சி பிசிக்ஸ் முடிச்சிட்டு கோயம்புத்தூர்ல பேடன்ட், அதாவது காப்புரிமை, வாங்கித் தர்ற ஒரு ஆபீஸுக்கு வீட்ல இருந்தே பாராலீகல் வேலை பாக்கறேன். ஃபார்ம் நிரப்பறது, கெடு தேதி பாத்துக்கறது, ஃபைலிங், வருஷக்கணக்கா இதேதான். பேடன்ட் டிராயிங், அதான் விண்ணப்பத்தோட சேத்துக் குடுக்கற கண்டுபிடிப்போட படம், அதைக் கத்துக்கலாம்னு ஆசை, ஆனா எனக்கு படம் வரையவே வராது. பிரயோஜனப்படுமா அக்கா?

பதில்: தாராளமா கத்துக்கோங்க தங்கச்சி. படம் வராதுங்கற பயத்தை முதல்ல விடுங்க, இதுல ஓவியம் எதுவும் இல்ல, கருப்புக் கோடுதான், அதுவும் கம்ப்யூட்டர்ல போடறது, இங்க்ஸ்கேப், லிப்ரேகேட்னு ரெண்டு சாஃப்ட்வேருமே காசில்லாம கிடைக்குது.

விதிமுறைய தெரிஞ்சுக்க ரொம்ப நாள் ஆகாது. 2003 பேடன்ட் ரூல்ஸ்ல 15-வது விதிய எடுத்துப் படிங்க. ஏ4 தாள், மேலயும் இடது பக்கமும் 4 செ.மீ., கீழயும் வலது பக்கமும் 3 செ.மீ. மார்ஜின் விடணும், படத்துல அளவு குறிக்கக்கூடாது, ஃப்ளோ டயகிராம் தவிர வேற எதுலயும் விளக்கம் எழுதக்கூடாது. அதே படம் அமெரிக்காவுக்குப் போறப்ப மார்ஜின் மாறும், நம்பரும் எழுத்தும் குறைஞ்சது 0.32 செ.மீ. உயரம் இருக்கணும்.

ஆனா உங்களை மேல தூக்கிவிடப் போறது இந்த மார்ஜின் கணக்கு இல்ல. உங்க ஊர்ல தேயிலை வெட்டற கத்தரி இருக்குல்ல, பை மாட்டினது, அதை ஒண்ணு எடுத்து வச்சு வரைஞ்சு பாருங்க. ஒரு அலகுக்கு 12, இன்னொண்ணுக்கு 14, பைக்கு 16னு நம்பர் போடுங்க (நடுவுல நம்பர் விட்டுப் போட்டா பின்னாடி ஒரு பாகத்தைச் சேர்க்க வசதி). ரெண்டு அலகையும் சேர்க்கிற போல்ட் இருக்கே, எதிர்ல இருந்து பாத்தா வெறும் வட்டம்தான், அதுக்குள்ள வாஷர் இருக்கா ஸ்பிரிங் இருக்கான்னு குறுக்குவெட்டு போட்டாத்தான் தெரியும், கண்டுபிடிப்பே அந்த ஸ்பிரிங்லதான் இருந்துச்சுன்னா? சில சமயம் ஸ்பெசிஃபிகேஷன்ல (கண்டுபிடிப்பை விளக்கி எழுதற பகுதி) ‘ஸ்பிரிங் (22)’னு எழுதியிருப்பாங்க, படத்துல 22ங்கற நம்பரே இருக்காது, இல்லன்னா முதல் படத்துல 16னு இருந்த பை மூணாவது படத்துல 18 ஆயிருக்கும். நம்பர் குழப்பத்தை அப்புறமா திருத்திக்கலாம். ஆனா ஃபைல் பண்ணின ஸ்பெசிஃபிகேஷன்லயும் படத்துலயும் எங்கயுமே இல்லாத ஒரு பாகத்தை பிற்பாடு நுழைக்க முடியாது, பேடன்ட் சட்டத்தோட 59-வது பிரிவு விடாது. அதனால ஃபைலிங்குக்கு முந்தின நாள் இதைக் கண்டுபிடிச்சு சொல்ற ஆளை எந்த சீனியரும் விடமாட்டாங்க, அந்த ஆளா நீங்க ஆகணும்னுதான் நான் ஆசைப்படறேன்.

வெறும் ஷீட் வரைஞ்சு குடுக்கற ஆளா மட்டும் நின்னுடாதீங்க, அதுல வருமானம் ஷீட் கணக்கோட முடிஞ்சிடும். படமும் புரியும், ஸ்பெசிஃபிகேஷனும் புரியும்னா கண்டுபிடிச்சவரோட பேசற மீட்டிங்ல உங்களையும் உக்கார வைப்பாங்க, டிசைன் ரிஜிஸ்ட்ரேஷன் (பொருளோட தோற்றத்தைப் பதிவு பண்றது) வேலையும் கைக்கு வரும், அதுல பொருளை எல்லாப் பக்கத்துல இருந்தும் காட்டணும், முழுக்க முழுக்க படம்தான்.

இன்னொண்ணு, உங்க பிசிக்ஸ் டிகிரிய லேசா நினைக்காதீங்க. பேடன்ட் ஏஜென்ட் (கிளையன்ட்டுக்காக பேடன்ட் விண்ணப்பத்தை நடத்தித் தர பதிவு வாங்கினவர்) பரீட்சை எழுத சயின்ஸ், இன்ஜினியரிங், டெக்னாலஜி இதுல ஏதாவது ஒரு டிகிரி கட்டாயம், 126-வது பிரிவு. பிகாம் படிச்ச பாராலீகலுக்கு அந்தக் கதவே திறக்காது, உங்களுக்கு திறந்தே இருக்கு. அந்தப் பரீட்சையில ஸ்பெசிஃபிகேஷன் எழுதச் சொல்லி கேள்வி வரும், அப்ப இந்தப் படம் படிக்கற பழக்கம் நல்லா கைகொடுக்கும்.

சாம்பிள் காட்டச் சொன்னா ஆபீஸ் ஃபைல்ல இருந்து ஒரு கோடு கூட எடுக்காதீங்க. சாதாரணமா 18 மாசம் கழிச்சுதான் விண்ணப்பம் வெளிய வரும், அதுக்கு முன்னாடி கசிஞ்சா கிளையன்ட்டுக்கும் ஆபத்து, உங்க வேலைக்கும் ஆபத்து. அரசாங்க பேடன்ட் ஆபீஸ் தளத்துல வெளியான விண்ணப்பங்கள் காசில்லாம பாக்கலாம், அதுல ஒண்ண எடுத்து ஸ்பெசிஃபிகேஷன மட்டும் படிச்சு நீங்களே படம் போட்டு அப்புறம் அவங்க படத்தோட ஒப்பிட்டுப் பாருங்க, இந்த மழைக்கு வீட்டுக்குள்ளயே இருக்கற நேரத்துக்கு நல்ல வேலை. அதையும் கத்தரி படத்தையும் சேர்த்து சீனியர்கிட்ட காட்டிட்டு, அடுத்த ஃபைலிங்ல படம் சரிபாக்கற வேலைய எனக்குக் குடுங்கன்னு வாய்விட்டுக் கேளுங்க.