படத்துக்குள்ளே நடந்து போகிற ஊர்: கேள்வி பதில்

கார்ட்டூன் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்; அதன் உலகத்தைக் குமரி மாவட்டத்தில் 12 ஏக்கரில் ஒரு தீம் பார்க் பகுதியாக வரைந்து பாருங்கள் என்று நம் ஓவியக் கூட்டத்தில் சொல்லியிருந்தேன். எல்லாம் காகிதத்தில்தான். சினிமா செட் வேலையில் 9 ஆண்டு, வளைகுடாவில் தீம் பார்க் பராமரிப்பில் 11 ஆண்டு இருந்தவன் என்பதால் சந்தேகங்களை எல்லாம் எனக்கே எழுதி அனுப்பிவிட்டீர்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

தக்கலை, கல்லூரி மாணவர்: அண்ணாச்சி, எங்கிருந்து தொடங்க? முதலில் ரோலர் கோஸ்டரைப் போட்டுவிட்டு, மிச்ச இடத்தைக் கடை, சாப்பாடு என்று நிரப்பலாமா?

வேண்டாம் தம்பி. முதலில் வாசலில் நுழைகிற ஆளின் கண்ணுக்கு என்ன தெரியும் என்று வரையுங்கள். ரைடு அதற்கு அப்புறம்.

12 ஏக்கர் என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. கலிபோர்னியாவில் 'கார்ஸ்' என்ற கார்ட்டூன் படத்தின் உலகமாக டிஸ்னி 2012-ல் திறந்த கார்ஸ் லேண்டின் அளவு அது. திறந்தபோது அங்கே இருந்தவை மூன்றே ரைடுகள். ஆனாலும் ஜனம் படத்தில் வரும் அந்தச் சின்ன ஊரின் கடைத்தெருவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பொழுது சாயும்போது நியான் விளக்குகள் எரிவதைப் பார்க்கவே காத்து நிற்பார்கள். தெருவுக்குப் பின்னால் செம்பாறை மலை, அதன் உச்சிகள் பழைய கார்களின் வால்துடுப்பு வடிவத்தில் இருக்கும். அழகுக்கு மட்டும் அந்த மலையைக் கட்டவில்லை. ரைடு ஓடுகிற பெரிய கொட்டகையும் வெளியுலகமும் கண்ணில் படாமல் மறைப்பதே அதன் முக்கியமான வேலை.

உங்கள் ஊரிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போங்கள். பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்தில் நின்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. குறுகலான மரப்படியில் ஏறுகிறோம். ஏறி முடித்ததும் ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலை, மைக்கா பதித்த சன்னல் வழியாக நிறம் மாறி வருகிற வெளிச்சம். அங்கிருந்தும் அடுத்த கட்டு முழுதாகத் தெரியாது. வளைவு, இருட்டு, வெளிச்சம், மறுபடி வளைவு. ஒரு நோட்டோடு நடந்து, எத்தனையாவது அடியில் வெளிச்சம் மாறுகிறது, எங்கே குனிகிறோம், எங்கே நிமிர்கிறோம் என்று குறியுங்கள். அந்தக் குறிப்புதான் உங்கள் முதல் வரைபடம்.

இன்னொன்று. படத்தின் பாத்திரங்களைக் கட்அவுட்டாக வெட்டி மூலைக்கு ஒன்றாக நிறுத்திவிட்டால் அது ஊர் ஆகாது. அவர்கள் இல்லாத நேரத்திலும் அங்கே யாரோ வாழ்கிறார்கள் என்று தோன்ற வேண்டும். ஜப்பானில் 2005 உலகக் கண்காட்சிக்காக 'டோட்டோரோ' படத்தின் சிறுமிகள் இருவரின் வீட்டைக் கட்டினார்கள். அலமாரியைத் திறக்கலாம், மேசை இழுப்பறையை இழுத்துப் பார்க்கலாம். உள்ளே துணியும் சாமானும் இருக்கும். டோட்டோரோ பொம்மை ஒன்றுகூட அந்த வீட்டுக்குத் தேவைப்படவில்லை.

மார்த்தாண்டம்: எத்தனை கோடி ஆகும்?

காகிதத்துக்கும் பென்சிலுக்கும் ஆகிற செலவுதான். வரைந்து முடியுங்கள்.

நாகர்கோவில், ஓவிய ஆசிரியை: கோட்டையை உண்மையான உயரத்தைவிடப் பெரிதாகக் காட்டுகிறார்களே, எப்படி?

டீச்சர், 1955-ல் திறந்த டிஸ்னிலேண்டின் கோட்டை வெறும் 77 அடி. படத்தில் பார்க்கிறவர்கள் அதன் இரண்டு மடங்கு இருக்கும் என்று நினைப்பார்கள். கீழே கல் பெரியதாக இருக்கும், மேலே போகப்போகச் சிறியதாகும். சன்னலும் கைப்பிடிச் சுவரும் அப்படியே. சன்னல் என்றால் ஓர் ஆள் உயரம் என்று கண் பழகியிருப்பதால், சின்னச் சன்னலைப் பார்த்ததும் அது வெகு தூரத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. சுசீந்திரம் கோபுரத்தை நிமிர்ந்து பாருங்கள். ஏழு நிலை, ஒவ்வொரு நிலையும் கீழ்நிலையைவிடக் குறுகல். நம் சிற்பிகளுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

ஒரே எச்சரிக்கை: சிறிதாக்கிய மாடிக்கு ஆள் ஏறக் கூடாது. ஒரு குழந்தை அந்தச் சன்னலில் தலை நீட்டினாலே கோட்டை பொம்மை வீடாகிவிடும்.

குளச்சல், கடல் தொழில் குடும்பத்துப் பெண்: அண்ணே, கோமாளி மீன் குஞ்சைத் தேடி அப்பா மீன் போகிற படம் என் பிள்ளைகளுக்கு உயிர். அந்தக் கடலடி உலகத்தை எங்கள் கடற்கரையிலேயே வைத்தால் என்ன?

கடற்கரையில் வேண்டாம் தங்கச்சி. இரண்டு காரணம்.

முதலாவது உப்புக் காற்று. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. வளைகுடாவில் நான் வேலை பார்த்த ஒரு பார்க் கடலை ஒட்டி இருந்தது. இரண்டாம் ஆண்டிலேயே ஃபைபர் மீன்களைப் பிடித்திருந்த போல்டுகள் துருவில் இறுகிவிட்டன; ஒவ்வொன்றையும் அறுத்துத்தான் எடுத்தோம். செயற்கைப் பாறைக்கு உள்ளே கம்பி இருக்கிறது. கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் சிமெண்ட் பூச்சை உள்ளிருந்தே பிளக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் தப்பலாம் என்பார்கள். சாதாரண 304 ரகத்தில் பழுப்புப் புள்ளி விழும், மாலிப்டினம் சேர்ந்த 316 வேண்டும். அதையும் அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். வள்ளுவர் சிலை முழுக்கக் கல். அதற்கே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காகிதக்கூழ் பூசி உப்பை உறிஞ்சி எடுத்து, மேலே ரசாயனப் பூச்சு கொடுக்கிறார்கள்.

இரண்டாவது, உண்மையான கடலுக்குப் பக்கத்தில் நீல வண்ணம் அடித்த கடல் எடுபடாது. திரும்பினால் நிஜம் தெரிகிற இடத்தில் கற்பனை நிற்காது.

முட்டம்: இது சரியில்லை அண்ணாச்சி. கடலைப் பற்றிய கதையைக் கடலிலிருந்து தள்ளி வைத்தால், பார்க் வெளியூர்க்காரர்களுக்கு என்று ஆகிவிடும். எங்கள் பாறையும் கலங்கரை விளக்கமும் போல் ஒரு செட்டை யார் போட முடியும்?

யாராலும் முடியாது. அதனால்தான் அதன் பக்கத்தில் செட் போடாதே என்கிறேன். முட்டம் பாறைமேல் அந்தி நேரத்தில் நிற்கிறவனுக்கு வேறு எந்த உலகமும் தேவைப்படாது.

அருமனை, ரப்பர் தோட்டக்காரர்: இதற்கெல்லாம் மலையோரம்தான் சரி. எங்கள் பக்கம் ரப்பர் நிழல் இருக்கிறது. காட்டுக் கதை எதையாவது எடுத்து மரங்களுக்கு நடுவிலேயே வைத்துவிடலாம்.

யோசனை நல்லது. 'டோட்டோரோ' படம் எடுத்த கிப்லி நிறுவனத்தின் பெயரில் ஜப்பானில் 2022-ல் திறந்த கிப்லி பார்க்கை, ஏற்கெனவே இருந்த பூங்காவின் மரங்களுக்கு நடுவில்தான் அமைத்தார்கள். பெரிய ரைடுகளே கிடையாது, நடந்து பார்ப்பதுதான். ஆனால் ரப்பரை நம்பாதீர்கள். மார்கழி, தை மாதங்களில் அது இலை உதிர்த்துவிடும் என்று உங்களுக்கே தெரியும். அரையாண்டு லீவுக்கும் பொங்கலுக்கும் கூட்டம் வருகிற நேரத்தில் மொட்டைக் கிளைக்குக் கீழே யார் நிற்பது? நடுவில் பலா, மா, அயனி வையுங்கள்.

குளச்சல், அதே சகோதரி: அண்ணே, நீங்கள் சொன்ன இரண்டாவது காரணத்தை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கடலைக் காட்டினால்தானே ஒப்பிடுவார்கள்? காட்ட வேண்டாம், கேட்கட்டும். கரையிலிருந்து தள்ளி, தென்னந்தோப்புக்குள் கட்டுங்கள். அலைச் சத்தம் ராத்திரி எங்கள் வீட்டுக்குள் வருகிற மாதிரி அங்கேயும் வரும். அப்புறம், படத்தில் வருவது பவளப்பாறை மீன். எங்கள் பிள்ளைகள் சாளை, நெத்திலி, அயிலை, கணவாய் எல்லாம் பார்த்தவுடன் பெயர் சொல்வார்கள். அந்த மீனையும் வைத்தால் என்ன குறை?

இதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க யோசித்தேன். சொன்னதில் பாதியை மாற்றிக்கொள்கிறேன்.

ஃபுளோரிடாவில் எப்காட் என்ற டிஸ்னி பார்க்கில், நீங்கள் சொன்ன கோமாளி மீன் படத்துக்கு ஒரு ரைடு இருக்கிறது. சிப்பி வடிவ வண்டியில் உட்கார்ந்து போகிறோம். வழி முழுக்கச் செட்டும் திரையும்தான். கடைசியில் வண்டி ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியின் ஓரமாகப் போகும். உள்ளே உயிருள்ள மீன்கள், அவற்றுக்கு நடுவே படத்து மீன்களும் நீந்துவதுபோல் ஒளியால் காட்டுகிறார்கள். நிஜத்தையும் கற்பனையையும் சேர்த்து வைத்தால் கற்பனை செத்துவிடும் என்று நான் சொன்னது அங்கே பொய்யாகிறது. காரணம், நிஜம் எப்போது, எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை அவர்கள் கையில் வைத்திருக்கிறார்கள். உங்கள் அலைச் சத்தமும் அதே வகைதான்.

ஆகவே இப்படி வரையுங்கள். தென்னந்தோப்புக்கு நடுவில் நீளமான ஓட்டுக் கட்டிடம், வெளியிலிருந்து பார்த்தால் மீன் ஏலக்கூடம் போல இருக்கட்டும். வரிசை அந்தக் கூடத்துக்குள்ளேயே வளைந்து போகட்டும், அங்கே கூடை, வலை, தராசு, நம் மீன்களின் பெயர்ப்பலகை. தரை மெல்லச் சரிந்து இறங்க வேண்டும். முதல் திருப்பம் வரை அலைச் சத்தம் காதில் விழ வேண்டும், அதற்கு மேல் தண்ணீருக்குள் அமிழ்ந்ததுபோல் சத்தம் அடங்க வேண்டும். அந்த அடங்குகிற இடத்தில்தான் பிள்ளைகள் அம்மாவின் கையைப் பிடிப்பார்கள்.

உப்புக் காற்று விஷயத்தில் மட்டும் இறங்கிவரமாட்டேன். தோப்புக்குள் இருந்தாலும் இரும்பு முழுக்க துத்தநாகப் பூச்சு கொடுத்து கால்வனைஸ் செய்தாக வேண்டும்.

முட்டம்: அப்படியென்றால் என் பாறை?

பார்க் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் அங்கே வண்டியை நிறுத்தட்டும்.

திங்கள்நகர்: மொத்தச் செலவு தோராயமாகச் சொல்ல முடியுமா?

மார்த்தாண்டத்துக்குச் சொன்னதுதான்.

இரணியல், கணக்கு ஆசிரியர்: ஒரு நாளைக்கு 5,000 பேர் வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை ரைடு வேண்டும்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் சார். ஆளுக்கு 4 ரைடு கிடைத்தால் திருப்தியாகப் போவார்கள். 5,000 பேருக்கு 20,000 சவாரி. பார்க் 8 மணி நேரம் திறந்திருந்தால் மணிக்கு 2,500.

ரோலர் கோஸ்டரில் ஒரு தடவைக்கு 24 பேர், 2 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் மணிக்கு 720 பேர்தான். 20 பேர் உட்காரும் படகை 30 விநாடிக்கு ஒன்றாக விடுங்கள், மணிக்கு 120 படகு, 2,400 பேர். 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு டிஸ்னி செய்த பொம்மைகள் பாடும் படகு ரைடு இன்றும் பல பார்க்குகளில் ஓடுவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். நடைமுறையில் ஏறுவது, இறங்குவது, பாட்டிமார் உட்காருவது எல்லாம் நேரம் பிடிக்கும், ஆகவே காகிதக் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். ஒரு படகு ரைடு, ஒரு நடைவழி, சின்ன ரைடு இரண்டு இருந்தால் சமாளிக்கலாம்.

நடைவழியைக் குறைவாக நினைக்காதீர்கள். கடல் தாண்டிப் போகும் தீவுச் சிறுமியின் கதையான 'மோனா'வுக்கு எப்காட்டில் 2023-ல் திறந்தது ரைடு அல்ல, தண்ணீரோடு விளையாடிக்கொண்டே நடக்கிற பாதை. கையை நீட்டினால் தண்ணீர் எழும்பும். திற்பரப்பில் குளித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

குலசேகரம்: ரோலர் கோஸ்டரை எங்கே வைக்கலாம்?

மேலே தக்கலைக்கும் இரணியலுக்கும் சொன்ன பதில்களைப் படியுங்கள்.

களியக்காவிளை: மழைக்கு என்ன செய்வது?

நமக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. டோக்கியோ டிஸ்னிலேண்டில் நுழைந்ததும் வருகிற கடைத்தெரு முழுவதற்கும் கண்ணாடிக் கூரை போட்டார்கள், அங்கே மழை அதிகம் என்பதால். நாம் கண்ணாடி போட்டால் வெயிலில் வெந்துவிடுவோம். தாழ்வாரம் வையுங்கள். ஒரு ரைடிலிருந்து அடுத்ததற்கு நனையாமல் நடக்க முடிகிறதா என்று உங்கள் படத்தில் விரலை வைத்துப் பாருங்கள்.

கருங்கல்: வரைந்த பிறகு இதை விற்கலாமா?

படத்தின் பாத்திரங்கள் படம் எடுத்த நிறுவனத்துக்குச் சொந்தம். பழகுவதற்கு வரையுங்கள். விற்கிற யோசனை இருந்தால் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், நான் அந்தத் துறை இல்லை.

பூதப்பாண்டி: எத்தனை கோடி என்று ஒரு எண்ணாவது...

இனிமேல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதமாட்டேன்.

தோவாளை, ஐந்தாம் வகுப்பு மாணவி: மாமா, பலூன் கட்டிப் பறக்கிற வீடு எனக்குப் பிடிக்கும். எங்கள் ஊரில் வைத்தால் எல்லோரும் அதில் பறக்க முடியுமா?

முடியும் மக்களே. ஆனால் உண்மையான பலூன் வேண்டாம், ஆரல்வாய்மொழிக் காற்று அதைக் காற்றாலை இறக்கையில் கொண்டுபோய்ச் சுற்றிவிடும். 1955-லேயே டிஸ்னிலேண்டில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பறக்கும் சிறுவன் பீட்டர் பானின் கதைக்கு ஒரு கப்பல் செய்து, தண்டவாளத்தைக் கீழே வைக்காமல் கூரையில் வைத்து அதிலிருந்து தொங்கவிட்டார்கள். அறை முழுக்க இருட்டு. கீழே லண்டன் நகரம் பொம்மை அளவில், சின்னச் சின்ன விளக்குகளோடு. கப்பல் தரையிலிருந்து அதிக உயரத்தில் இல்லை, ஆனாலும் மேகத்தில் போவதாகத் தோன்றும்.

உன் வீட்டையும் அப்படித் தொங்கவிடு. கீழே லண்டனுக்குப் பதில் தோவாளை. விடியாத நேரத்துப் பூச்சந்தை, பிச்சியும் அரளியும் குவித்து வைத்து ஒவ்வொரு குவியல் மேலும் ஒரு விளக்கு. வீடு அந்த இடத்துக்கு மேலே வரும்போது பூவாசனை வர வேண்டும், அதற்கு ஒரு சின்ன மின்விசிறி போதும்.

மேலிருந்து பார்த்தால் எல்லாம் எப்படித் தெரியும் என்று வரைய வரவில்லையா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போ. 115 அடி உயரம். கைப்பிடியை நன்றாகப் பிடித்துக்கொண்டு பறளியாற்றைக் குனிந்து பார். தென்னை மேலிருந்து பார்க்கும்போது மரம் மாதிரி இருக்காது, பச்சை நட்சத்திரம் மாதிரி இருக்கும். அதை வரைந்து எனக்கு அனுப்பு.